ஆழம் சொன்ன தாளும் கதை சொன்ன வாயும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், நிலவியல் மாணவர் ஒருவரின் கருத்துரை)

ஒரு நாட்டை அறிய விரும்புகிறவன் அந்நாட்டின் வரைபடத்தை விரித்துப் பார்க்கிறான். அந்த வரைபடத்தையே அறிய விரும்புகிறவன் எதை விரித்துப் பார்ப்பது? இக்கேள்வி எனக்குள் எழுந்த வரலாற்றையும், அதற்கு நான் கண்ட விடையையும் இம்மலரின் வாயிலாக மாணவத் தோழர்கள் முன் வைக்க விழைகிறேன்.

சென்ற பருவத்தில் எங்கள் துறைக் கருத்தரங்கில் எரிமலை ஏரி ஒன்றைப் பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நான் தேர்ந்தெடுத்தது அமெரிக்க நாட்டின் ஆரிகன் மாநிலத்தில், காஸ்கேட் மலைத்தொடரின் மேல் அமைந்துள்ள கிரேட்டர் ஏரி. அமெரிக்க நிலவியல் அளவைத் துறை, 1884 முதல் தான் அச்சிட்ட பழைய நிலப்படத் தாள்களையெல்லாம் படம்பிடித்து, உலகத்தார் எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. அவ்வாறு எங்கள் துறைக் கணிப்பொறியில் இறக்கிக்கொண்ட பழைய தாள் ஒன்றைத் திரையில் காட்டி நான் பேசினேன்.

பேசி முடித்ததும் இரண்டு நண்பர்கள் எழுந்தார்கள். ஒருவர், “செயற்கைக்கோள் படங்கள் கைக்குள் வந்துவிட்ட காலத்தில் இந்தப் பழந்தாள் எதற்கு?” என்றார். மற்றவர், நான் இடையில் சொன்ன பழங்குடிக் கதையைச் சுட்டி, “கட்டுக்கதையை அறிவியல் மேடையில் சொல்லலாமா?” என்றார். அவையில் சிரிப்பொலி எழுந்தது. நானும் சிரித்துக்கொண்டே அமர்ந்துவிட்டேன். அன்று விடை சொல்லாமல் அமர்ந்தது தவறு என்று இன்று உணர்கிறேன். அவ்விருவருக்கும் நான் சொல்லியிருக்க வேண்டிய விடையே இக்கட்டுரை.

தாளில் இருப்பது

முதலில் அந்த இடத்தை மனக்கண்ணால் காண்போம். ஏறத்தாழ 7,700 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஏரி இல்லை. சுமார் 12,000 அடி உயர்ந்த எரிமலை ஒன்று நின்றது. இன்று அதற்கு மசாமா மலை என்று பெயர் வழங்குகிறது. அது வெடித்தபோது ஏறத்தாழ 50 கன கிலோமீட்டர் பாறைக் குழம்பு வெளியே கொட்டிற்று. இன்றைய அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலும் கனடாவின் மூன்று மாநிலங்களிலும் அதன் சாம்பல் படிந்தது. கிரீன்லாந்தின் பனிக்கட்டிக்குள்ளும் அச்சாம்பலைக் கண்டிருக்கிறார்கள். வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியேறிவிட்ட மலை, தாங்குவாரின்றித் தன் பள்ளத்துக்குள்ளேயே இடிந்து விழுந்தது. அந்தப் பெரும் பள்ளத்தில் மழையும் பனியும் நிறைந்து ஏரியாயிற்று. நிறைவதற்கு ஏறத்தாழ 740 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்குள் வந்து விழும் ஆறு எதுவும் இல்லை; அதிலிருந்து புறப்படும் ஆறும் இல்லை. ஆண்டுக்கு 40 அடிக்கு மேல் பனி பொழியும் அந்த உச்சியில், கடல் மட்டத்திற்கு 6,178 அடி உயரத்தில், ஆழ்ந்த நீல நிறத்தில் அந்த நீர் நிற்கிறது.

பழைய தாளில் இவையெல்லாம் கோடுகளாக இருக்கின்றன. சமவுயரக் கோடுகள் பழுப்பு நிறத்தில் ஏரியைச் சுற்றி வருகின்றன. கரை நெருங்க நெருங்க ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அவை நெருங்கிவிடுகின்றன. கோடு நெருங்கினால் சரிவு செங்குத்து என்பதை முதலாண்டிலேயே படித்தோம். ஆனால் அந்தத் தாளைப் பார்த்த அன்றுதான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று. ஏரியின் நீலத்துக்குள் ஒரு சிறு வட்டமலை தெரிகிறது. அது விசர்டு தீவு. மலை விழுந்தபின் பிறந்த குட்டி எரிமலை. நீருக்கு மேல் 750 அடிக்கும் கூடுதலாக எழுந்து நிற்கிறது. அதைச் சூழ்ந்த நீலப் பரப்பில் ஆங்காங்கே எண்கள். அவை ஏரியின் ஆழத்தைச் சொல்லும் எண்கள். என்னைப் பிடித்து நிறுத்தியவை அவையே.

அந்த எண்கள் எப்படி வந்தன? 1886-ஆம் ஆண்டில் கிளாரன்ஸ் டட்டன் என்ற படைத்தலைவரின் பொறுப்பில் நிலவியல் அளவைத் துறைக் குழு ஒன்று அங்கே சென்றது. அரை டன் எடையுள்ள ‘கிளீட்வுட்’ என்ற படகை முதலில் இரயிலிலும், பிறகு குதிரைகள் இழுத்த வண்டியிலும் மலையுச்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து செங்குத்தான சரிவில் கயிறு கட்டி ஏரிக்குள் இறக்கினார்கள். படகில் இருந்தவர்கள் பியானோக் கம்பியின் நுனியில் ஈயத்தைக் கட்டி நீருக்குள் விட்டார்கள். படகு நின்ற இடத்தைக் கரையில் இருந்தவர்கள் கோண அளவு கொண்டு குறித்தார்கள். இவ்வாறு 168 இடங்களில் ஆழம் பார்த்தார்கள். அவர்கள் கண்ட பேராழம் 1,996 அடி.

2000-ஆம் ஆண்டில் ஒலியலைக் கருவிகள் கொண்டு அதே ஏரியை மீண்டும் அளந்தார்கள். இம்முறை 168 இடங்கள் அல்ல. ஒரு கோடியே அறுபது இலட்சம் அளவுகள்! பேராழம் ஏறத்தாழ 1,945 அடி என்று தெரிந்தது. தோழர்களே, எண்ணிப் பாருங்கள். மின்கருவி இல்லை, எந்திரப் படகு இல்லை. கம்பியும் ஈயமும் துடுப்பும் கொண்டு அளந்தவர்களின் பிழை 50 அடி அளவுதான். நூற்றுக்கு மூன்றுகூட இல்லை.

தந்தை கேட்ட கேள்வி

இவ்விடத்தில் என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். என் தந்தையார் கிணறு வெட்டும் தொழிலாளி. ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் புதுக் கிணறு வெட்டுவார் அரிதாகிவிட்டனர். இப்போது பெரும்பாலும் தூர் வாரும் வேலைதான். பள்ளிக்கூட வாசலை அவர் மிதித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவன் நானே முதல்வன்.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது அந்தப் படத்தைக் கைப்பேசியில் அவருக்குக் காட்டினேன். கோடுகளைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. கம்பியில் ஈயத்தைக் கட்டி ஆழம் பார்த்த கதையைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கயிறு நட்டுக்குத்தா நின்னுச்சா கண்ணு?” என்று கேட்டார்.

“ஏன் அப்பா?” என்றேன்.

“படகு அசையுமில்ல? கயிறு சாஞ்சுதுன்னா ஆழம் கூடுதலாத்தான் காட்டும். கொறச்சுக் காட்டாது” என்றார்.

நான் வியந்துபோனேன். 1,996 என்பது உண்மை ஆழத்தைவிடக் கூடுதல்தான், குறைவு அல்ல. அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,996 அடிக் கம்பி நேர்குத்திலிருந்து 13 பாகை சாய்ந்திருந்தால், உண்மை ஆழம் 1,945 அடி என்று வருகிறது. டட்டன் குழுவின் பிழைக்குக் காரணம் இதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. காரணங்களுள் இதுவும் ஒன்றாக இருக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் பிழை எந்தத் திசையில் விழும் என்பதை, கோசைன் என்ற சொல்லையே கேட்டிராத ஒருவர் கயிற்றைப் பிடித்த கையின் அறிவால் ஒரு நொடியில் சொன்னார். அதே விடையை எட்ட எனக்குக் கணிப்பான் வேண்டியிருந்தது.

முதல் நண்பருக்கு நான் கூறும் விடை இதுவே. பழந்தாளை நாம் போற்றுவது பழமைப் பற்றினால் அன்று. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு கயிறு, ஒரு கை, ஒரு பிழை இருப்பதை அது நமக்குக் காட்டுகிறது. புதுப் படத்தில் ஆழம் நமக்குத் தரப்படுகிறது. பழந்தாளிலோ ஆழம் எப்படிப் பெறப்பட்டது என்பதையும் கற்கிறோம். அளவை நம்புவதற்கும் ஐயுறுவதற்கும் அந்தக் கல்வி தேவை.

தாளில் இல்லாதது

இனி இரண்டாம் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அதற்கு அந்தத் தாளில் உள்ள பெயர்களைப் பார்க்க வேண்டும்.

1853-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், தங்கம் தேடி அலைந்த ஜான் வெஸ்லி ஹில்மன் என்ற வெள்ளையர் அந்த ஏரிக் கரைக்கு வந்து சேர்ந்தார். அவரும் அவருடன் வந்தோரும் அதற்கு ‘ஆழ்நீல ஏரி’ என்று பெயர் சூட்டினர். 1865-இல் வந்தவர்கள் ‘மாட்சிமை ஏரி’ என்றனர். 1869-இல் செய்தித்தாள்காரர் ஒருவர் ‘கிரேட்டர் ஏரி’ என்றார். அதுவே நிலைத்துத் தாளில் ஏறிற்று. 1902-இல் அது தேசியப் பூங்காவும் ஆயிற்று.

ஆயின், இவர்கள் வருமுன் அந்த ஏரிக்குப் பெயர் இல்லையா? இருந்தது. அம்மண்ணின் மக்களாகிய கிளமத் பழங்குடியினர் அதைக் ‘கீவாஸ்’ என்று அழைத்தனர், இன்றும் அழைக்கின்றனர். அவர்களுக்கு அது புனித இடம். 1864-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அவர்கள் தங்கள் நிலத்தின் மிகப் பெரும் பகுதியை இழந்தார்கள். அதற்கு 22 ஆண்டுகள் கழித்து அளவைப் படகு வந்தது. தாளைப் பாருங்கள். முதலில் பார்த்த வெள்ளையரின் பெயரில் ஹில்மன் சிகரம்; அளந்தவரின் பெயரில் டட்டன் செங்குத்துப் பாறை; அளக்கப் பயன்பட்ட படகின் பெயரில் கிளீட்வுட் துறை. அம்மக்களின் கதையிலிருந்து லாவோ பாறை, ஸ்கெல் முனை என இரண்டு பெயர்கள் இன்று அங்கே உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் ஏரியின் பெயராக அவர்களுடைய சொல் ஏறவில்லை. சில வாரம் மிதந்த படகுக்குக் கிடைத்த இடம், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்களின் சொல்லுக்குக் கிடைக்கவில்லை!

சரி, அந்த மக்களின் கதைதான் என்ன? கீழுலகத் தலைவன் லாவோ இந்த மலையுச்சிக்கு வந்து நிற்பான். மேலுலகத் தலைவன் ஸ்கெல் தெற்கே சாஸ்தா மலையின் மேல் நிற்பான். இருவருக்கும் போர் மூண்டது. செந்தணலான பாறைகள் வானில் பறந்தன, தீ ஆறுபோல் ஓடிக் காடுகளை எரித்தது, இருள் சூழ்ந்தது. இறுதியில் லாவோ தோற்றுக் கீழுலகுக்குத் தள்ளப்பட, அவன் நின்ற மலை அவன்மேல் இடிந்து விழுந்தது. அந்தப் பள்ளத்தில் மழைநீர் நிறைந்து ஏரியாயிற்று. 1865-இல் லலேக் என்ற முதிய கிளமத் தலைவர், கிளமத் கோட்டையில் இருந்த இளம் படைவீரர் ஒருவருக்கு இக்கதையைச் சொன்னதாகப் பதிவு உண்டு. அது அச்சில் வந்தது பிற்காலத்தில்தான்.

இதைத்தான் நண்பர் கட்டுக்கதை என்றார். தெய்வங்கள் போரிட்டதை நம்புங்கள் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் கதையின் நடுவில் ஒரு செய்தி இருக்கிறதே, மலை இடிந்து உள்ளே விழுந்தது என்று, அதை என்ன செய்வது? மலையின் மேற்பகுதி வெடித்துச் சிதறியதா, உள்ளே விழுந்ததா என்பது அறிவியலாரிடையே நெடுநாள் இருந்த வழக்கு. உள்ளேதான் விழுந்தது என்று டில்லர் என்ற அறிஞர் 1902-இல் எழுதினார். ஹோவெல் வில்லியம்ஸ் 1942-இல் அதைச் சான்றுகளோடு நிறுவினார். வெடித்துச் சிதறியிருந்தால் மலையின் உடைந்த பாறைகள் சுற்றிலும் குவிந்து கிடக்க வேண்டும். அவ்வளவு பாறை அங்கே இல்லை என்பது அவர் காட்டிய கணக்கு. ‘அந்த மக்கள் சொன்னது அதுதானே!’ என்று அக்கதையைக் கேட்டவன் வியக்காமல் இருக்க முடியுமா?

செருப்புகளின் சாட்சி

“அது தற்செயலாகப் பொருந்தியிருக்கலாம். 7,700 ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் பார்க்க அங்கே மனிதர் எங்கே இருந்தார்கள்?” என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை ஒரு குகைக்குள் கிடைத்தது.

ஏரிக்கு வடகிழக்கே ஃபோர்ட் ராக் என்ற இடத்தில் ஒரு குகை இருக்கிறது. 1938-இல் ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூதர் கிரெஸ்மன் அதைத் தோண்டினார். மசாமா மலையின் சாம்பல் அடுக்கு அங்கேயும் படிந்திருந்தது. அந்தச் சாம்பலுக்குக் கீழே, செடிப்பட்டையை முறுக்கிப் பின்னிய செருப்புகள் பல கிடந்தன. சாம்பலுக்குக் கீழே கிடந்தால், சாம்பல் விழுமுன் கழற்றிப் போட்டவை என்றுதானே பொருள்? பின்னாளில் கதிரியக்கக் கரிம முறையில் ஆராய்ந்தபோது அவற்றின் வயது 9,000 ஆண்டுகளுக்கும் மேல் என்று தெரிந்தது. மலை வெடிப்பதற்கு முன்பே அந்நாட்டில் மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மேலடுக்கு பிந்தியது, கீழடுக்கு முந்தியது என்பது நாம் பாடத்தில் படிக்கும் முதல் விதி. அந்த விதியே இங்கு கதை சொன்னவர்களின் பக்கம் வந்து நிற்கிறது. செருப்பு அணிந்தவரின் வழிவந்தவரே கதை சொன்னவர் என்று அதனால் முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் ‘பார்த்தவர் எவருமில்லை’ என்ற வாதம் அந்தக் குகையோடு வீழ்ந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1954-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால் கிளமத் மக்களுக்குப் பழங்குடி என்ற ஏற்பையே நீக்கிவிட்டது. 1986-இல்தான் அது மீண்டும் கிடைத்தது. அளவைப் படகு ஏரியில் இறங்கிய நூறாம் ஆண்டு அது. தாளில் இல்லாதவர் சட்டத்திலும் இல்லாமற்போவது எவ்வளவு எளிது! வரைபடத்தில் ஒரு பெயர் இல்லை என்பது சிறு செய்தி என்று எண்ணுவோர் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

அப்படியானால் தாளைக் கிழித்துவிட்டுக் கதையைக் கொண்டாடலாமா? கூடாது. 1,996 அடி என்பதை எந்தக் கதையும் சொல்லவில்லை. அளவு வேண்டுமானால் அளந்தவனிடம்தான் போக வேண்டும். ‘எங்கள் முன்னோருக்கு எல்லாம் தெரியும்’ என்று மார்தட்டுவோரின் கட்சியில் நான் இல்லை. கதையையும் சான்றின் முன் நிறுத்தியே ஏற்க வேண்டும். ஆனால் அந்தச் சான்றின் முன் நிற்கும் வாய்ப்பையாவது அதற்கு அளிக்க வேண்டாமா? கேட்குமுன்பே சிரித்துவிடுவது அறிவியல் ஆகாது. கருத்தரங்கில் எழுந்த சிரிப்பைப் பற்றி எனக்குள்ள குறை இது ஒன்றே. அச்சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன் என்பதால் இதைப் பிறர்மேல் சுமத்தாமல் சொல்கிறேன்.

நம் கல்லூரிக்கு வருவோரில் பலர் என்னைப் போல் முதல் தலைமுறையாகக் கற்க வந்தவர்கள். அவர்களுக்கு இச்செய்தி மிக நெருக்கமானது. நாம் படிக்கும் நூல்களில் நம் பெற்றோரின் அறிவு அச்சாகவில்லை. அதனால் அவர்களுக்கு அறிவே இல்லை என்று எண்ணும் நோய் நம்மை மெல்லத் தொற்றுகிறது. தந்தையின் தொழிலைக் கேட்டால் ‘கூலி’ என்று எழுதிவிட்டுத் தலைகுனிகிறோம். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இவ்வாண்டு விண்ணப்பத்தில் ‘கிணறு வெட்டுதல்’ என்று எழுதினேன்.

ஆகவே என் கருத்துகளைத் தொகுத்துச் சொல்கிறேன். பழைய நிலப்படத் தாள்களைப் பயனற்றவை என்று ஒதுக்கக் கூடாது. துறைச் சுவரில் மாட்டி, அவற்றில் உள்ள ஒவ்வோர் எண்ணும் எவ்வாறு பெறப்பட்டது என்று மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும். தாளைப் படிக்கும்போது அளந்தவர் யார், எந்த ஆண்டு, பெயரிட்டவர் யார் என்று கேட்கும் பழக்கம் வேண்டும். நாம் கள ஆய்வுக்குப் போகும்போது டோப்போ ஷீட்டையும் சுத்தியலையும் மட்டும் கொண்டுபோகாமல், ஒரு குறிப்பேட்டையும் கொண்டுபோவோம். நாம் நிற்கும் பாறைக்கும் ஓடைக்கும் அங்குள்ள பெரியவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள், என்ன கதை சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுவோம். அவை மெய்யா, பொய்யா என்பதைப் பிறகு ஆராய்ந்துகொள்ளலாம். எழுதாமல் விட்டுவிட்டால் ஆராய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது.

வரும் பருவத்தில் மீண்டும் கருத்தரங்கு நடைபெறும். கேள்வி கேட்ட நண்பர்கள் இருவரும் அவசியம் வர வேண்டும் என்று அன்போடு அழைக்கிறேன். அதே தாளை மீண்டும் காட்டப் போகிறேன். இம்முறை முதலில் கேட்கப் போவது என் தந்தையின் கேள்வியை: கயிறு நட்டுக்குத்தாக நின்றதா?